காக்கை தின்ற சினை

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். நான். என் மாமியார். என் வீட்டுக்காரர். மீன் விற்க வந்த அம்மா. பக்கத்து வீட்டு வண்டிக்காரர். அவரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். தொழுவத்தில் ஒரு சினை மாடு. கூரைமேல் ஒரு நொண்டிக் காக்கை. என் மாமியார் கணக்கில் அதுவும் ஒரு ஆள்தான், ஏன் என்று பிறகு சொல்கிறேன். என் வயிற்றுக்குள் நாலு மாதத்தில் ஒன்று. பிற்பாடு ஊருக்குள் பலபேர் "நானும் அங்கனதான் நின்னேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் யாராவது ஒருத்தர் நிதானமாக யோசித்திருப்பார்கள்.

நான் பிறந்தது உத்தரகோசமங்கைப் பக்கம். நெல்லும் மிளகாயும் விளைகிற ஊர். மீன் என்றால் கண்மாய் வற்றும்போது பிடிக்கிற கெளுத்தியும் விராலும்தான் தெரியும். கட்டிக்கொடுத்தது திருப்புல்லாணியைத் தாண்டி, கடலுக்குப் போகிற பாதையில் ஒரு ஊர். அங்கேயும் எல்லாரும் வெள்ளாமைக்காரர்கள்தான். ஆனால் காற்று திரும்பினால் உப்பு வாடை வரும். காலையில் கடற்கரைப் பெண்கள் கூடை தூக்கி வருவார்கள். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இடி இடித்தால் பயம், இடிக்காமல் மேகம் சும்மா நின்றால் அதைவிடப் பயம். பயம் வந்தால் எனக்கு முதலில் உதடு மரத்துப்போகும். பிறகு நாக்கு தடிக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை எழுப்பிவிட்டால் போதும், தெரிந்த பதிலும் வாயில் வராது. இதை இங்கே சொல்லிவைக்கிறேன். பின்னால் இதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. கடைசியாக நான் கேட்ட பாடம் சினைப் பெயர். வாத்தியார் பலகையில் எழுதினார்: கண், கை, கிளை, இலை. ஒரு முழுப் பொருளின் உறுப்புக்குச் சினை என்று பெயராம். மரத்தின் கிளைக்கும் பழைய நூல்களில் சினை என்றே பெயராம். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எங்களுக்குச் சினை என்றால் மாடுதான். எனக்குப் பின்னால் இருந்தவள் எழுந்து, "சார், அப்ப எங்க வீட்டு மாடு கிளை விட்டிருக்கா சார்?" என்று கேட்டு ரெண்டு அடி வாங்கினாள். அடுத்த வாரம் நான் பெரியவளாகி வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாடத்தின் மிச்சம் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிளை எப்படிச் சினை ஆகும் என்ற கேள்வி மட்டும் மண்டைக்குள் கிடந்தது.

கலியாணம் ஆகி முதல் பிள்ளை ரெண்டு மாதத்தில் போய்விட்டது. ரெண்டாவது மூன்றாம் மாதம். அந்த ரெண்டாவதுக்கு எனக்கு வாந்தி நிற்கவே இல்லை. தண்ணீர் குடித்தாலும் திரும்பி வரும். ஒரு நாள் முழுக்க ஓங்கரித்துக்கொண்டே இருந்தேன், மறுநாள் போய்விட்டது. என் மாமியார் அன்றே முடிவு செய்துவிட்டார்: "ஓங்கரிச்சு ஓங்கரிச்சே கரைச்சுப்புட்டா." நான் வேண்டுமென்றா ஓங்கரித்தேன்? ஆனால் சொல்லச் சொல்ல எனக்கும் அப்படித்தான் பட்டது.

அதனால் மூன்றாவது நின்றபோது, வீட்டில் எல்லாரும் என்னைத் தளும்பத் தளும்ப நிறைத்த குடம்போலப் பார்த்தார்கள். தண்ணீர் தூக்கக் கூடாது. குனியக் கூடாது. தும்மல் வந்தால் மாமியார் ஓடிவந்து முதுகைப் பிடிப்பார். அவர் கெட்டவர் இல்லை. என்னைவிடப் பயந்தவர், அதைச் சத்தம் போட்டு மறைத்துக்கொள்வார். அதே சமயம் தொழுவத்து மாடும் சினையாக இருந்தது. ரெண்டு பேருக்கும் ஒரே கவனிப்பு. "அது அசை போடுது, நீ என்னத்தா தட்டைப் பார்த்துக்கிட்டே ஒக்காந்திருக்க?" என்பார்.

அந்த மீன்கார அம்மாவுக்கு என்மேல் ஒரு பிரியம். கடற்கரை வேதக்காரப் பெண். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. ஒரு காதில் மட்டும் தோடு. மற்றது அடகில் இருப்பதாகச் சொல்லிச் சிரிப்பாள். அன்று காலை சூடை மீன் கொண்டுவந்தாள். மாமியார் பேரம் பேசி ஆறணாவுக்கு வாங்கினார். காசு பிறகு தருகிறேன் என்றார். அது வழக்கம்தான், கூடை காலியாகித் திரும்பும்போது வாங்கிக்கொள்வாள். போகும்போது மடியிலிருந்து பனையோலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள்.

"இது காசுக்கு இல்லக்கா. மடவை மீனுச் செனை. எங்க நாத்தனா கருவாட்டுக்கு மீன் கீறுறா, கீறுறவளுகளுக்குச் செனையும் குடலும் கூலிக்கு மேல. ஒங்க மருமவளுக்குன்னு கேட்டு வாங்கியாந்தேன். செனையா இருக்குற பிள்ளைக்குச் செனை குடுத்தா நல்லது."

மாமியாருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "ஏ மீன்காரி, வாயைக் கழுவு. செனையாம்ல! மாட்டையா சொல்ற? எம் மருமக முழுகாம இருக்கா."

"மாடு செனை, மீனு செனை, நண்டு செனை. மனுசிக்கு மட்டும் என்ன தனிப் பேரு? எல்லாம் ஒரே சாமி வச்சதுதானேக்கா."

"ஒங்க சாமி வச்சிருக்கும். எங்க சாமிக்கு மட்டு மருவாதை உண்டு. போ, போயி ஏவாரத்தைப் பாரு."

அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். அவர்கள் வழக்கத்தில், பிள்ளை நிற்காத பெண்ணுக்கு மீன் சினை சமைத்துக் கொடுப்பார்களாம். மாமியார் அதைத் திட்டினாலும் பொட்டலத்தைத் தூக்கி எறியவில்லை. பிள்ளை நிற்கும் என்றால் அவர் எதையும் செய்வார். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். கழுவி, சின்ன வெங்காயம் போட்டு, மிளகாய்த்தூள் குறைவாகப் போட்டு வதக்கினார். வீடு மணத்தது.

இப்போது காக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாமனார் இறந்து ஆறு வருஷம். எல்லா வீட்டிலும் அமாவாசைக்குத்தான் காக்கைக்குச் சோறு வைப்பார்கள். என் மாமியார் தினமும் வைப்பார். அதுவும் கவிச்சி சமைத்த அன்று கட்டாயம் வைப்பார். "அவுகளுக்கு மீனுன்னா உசிரு. செத்ததுக்காக வெறும் பருப்பா போடுறது?" என்பார். மாமனார் உயிரோடு இருந்தபோது ஒரு காலை விந்தி விந்தி நொண்டி நடப்பாராம். வருகிற காக்கைகளில் ஒன்றுக்கு வலது காலில் விரல் மடங்கியிருக்கும், தத்தித் தத்தித்தான் வரும். அதுதான் மாமனார். இதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அது தின்ற பிறகுதான் நாங்கள் தின்போம்.

அன்றும் ஒரு துண்டு சினையைச் சோற்றோடு கூரை ஓரத்தில் வைத்தார். நொண்டிக் காக்கை வந்தது, கொத்தியது, பறந்தது. "அவுக சாப்பிட்டாச்சு. நீ ஒக்காரு" என்றார். நான் கஞ்சியோடு முழுவதையும் தின்றேன். ருசியாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

வெயில் ஏறி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரம். வாசலில் ஓடி வருகிற சத்தம். மீன்கார அம்மா. கூடை இல்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"தாயி, அந்தச் செனை... தின்னுட்டியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"மாதாவே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாதி வழியில் எதிரே வந்த அவர்கள் ஊர்க்காரி சொன்னாளாம். மீன் கீறுகிற இடத்தில் ரெண்டு பூனை செத்துக் கிடக்கிறது. மடவை வந்த வலையில் பேத்தையும் விழுந்திருக்கிறது. பேத்தை என்பது தொட்டால் வயிறு ஊதிப் பந்தாகிற மீன். கடற்கரையில் அதைக் காலால் எத்தித் தள்ளுவார்களே தவிரத் தின்ன மாட்டார்கள். அதன் சினையில்தான் விஷம் முழுக்க. கீறின குவியலில் எது எதனுடைய சினை என்று தெரியாமல் கலந்துபோயிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் தொழுவத்திலிருந்து வந்தார். "தின்னா என்ன செய்யும்?"

"மொதல்ல ஒதடு மரக்கும் அய்யா. அப்புறம் நாக்கு. அப்புறம் கையி காலு. அப்புறம் மூச்சு." நிறுத்தினாள். "தாயி, ஒதடு எப்பிடி இருக்கு?"

என் உதடு மரத்திருந்தது.

அவள் வாசலில் வந்து நின்றபோதே மரத்துவிட்டது. அவள் கேட்குமுன் மரத்தது பயத்தாலா? கேட்டபின் மரப்பது விஷத்தாலா? எனக்குத் தெரியவில்லை. பல்லால் உதட்டைக் கடித்துப் பார்த்தேன். யாருடைய உதட்டையோ கடிப்பதுபோல இருந்தது. "மரக்குது" என்றேன். சொல்லும்போதே நாக்கு தடித்தது.

"உப்புத் தண்ணி கரைங்க. ஒரு செம்பு. குடிச்சுக் கக்கட்டும். எல்லாம் வெளிய வரட்டும்" என்று மீன்கார அம்மா எழுந்தாள்.

மாமியார் அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "கக்குறதா? போன வாட்டி ஓங்கரிச்சுத்தான் போச்சு. நாலு மாசம் நிறுத்தி வச்சிருக்கேன். ஒரு சொட்டு உப்புத் தண்ணி இவ வாயில போவக் கூடாது."

"அக்கா, தாயி இருந்தாத்தானே பிள்ளை?"

"அவளுக்கு ஒண்ணும் ஆவாது. அவுக தின்னுட்டுத்தானே இவ தின்னா?"

"எவுக?"

"எங்க வீட்டு அய்யா."

"அய்யா இப்ப எங்கன? அவருக்கு எப்பிடி இருக்கு?"

"அவுக போயி ஆறு வருசம் ஆச்சு."

மீன்கார அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமா வேலியைத் தாண்டி வந்தார். விஷயத்தைக் கேட்டார். நாலும் தெரிந்தவர்போலத் துண்டை உதறித் தோளில் போட்டார். "மாப்ளே, இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தக் காக்காயைத் தேடு. காக்கா உசிரோட திரிஞ்சா இவளுக்கு ஒண்ணும் இல்ல, கக்க வேண்டாம். செத்துக் கெடந்தா உப்புத் தண்ணியைக் குடு."

எல்லாருக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. எனக்கும்தான். மீன்கார அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க காக்காயைத் தேடுற நேரத்துக்குள்ள இவ..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அந்த நிறுத்தத்தில் எனக்குக் கையும் மரத்தது.

என்னைத் தொழுவத்து ஓரத்தில் மாட்டுப் பக்கம் நிழலில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்காரர் கூரைமேல் ஏறினார். மாமா வண்டிப் பாதை ஓரத்து உடைமரங்களைப் பார்க்கப் போனார். மாமியார் ஒரு கை சோற்றை ஏந்திக்கொண்டு முற்றத்தில் நின்று "கா... கா..." என்று கூப்பிட்டார். தினமும் கூப்பிடுகிற குரல் இல்லை அது. உடைந்த குரல். காக்கைகள் வந்தன. ஒன்று, ரெண்டு, ஒரு கூட்டம். மாமியார் குனிந்து ஒவ்வொன்றின் காலையும் பார்த்தார். எல்லாம் நல்ல கால்.

"ஏலே, அந்தக் கிளையில ஒண்ணு தனியா ஒக்காந்திருக்கே, அது விந்துதா பாரு!"

"ஒக்காந்திருக்கிறது எப்பிடி ஆத்தா விந்தும்?"

"கல்லை விட்டெறிஞ்சு பாரு!"

"ஒங்க புருசன் மேலயா கல்லு எறியச் சொல்றிய?" என்று மாமா பாதையிலிருந்து கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

நான் அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பழைய பாடம், வேண்டாத நேரத்தில், நினைவுக்கு வந்தது. மரத்துக்குச் சினை. அதில் உட்கார்ந்திருக்கிற காக்கை தின்றது சினை. என் பக்கத்தில் பெருமூச்சு விடுகிறது சினை. என் வயிற்றுக்குள்ளும் மேலும் கீழுமாக ரெண்டு சினை: ஒன்று உயிர், ஒன்று விஷம். ரெண்டும் ஒரே பையில் கிடக்கின்றன. ஒன்றை வெளியே எடுத்தால் மற்றதும் வந்துவிடும் என்கிறார் ஒருத்தர். எடுக்காவிட்டால் ரெண்டும் போகும் என்கிறாள் ஒருத்தி. மாடு என் தோளை நக்கியது. நக்கியது தெரிந்தது, அப்படியானால் தோள் மரக்கவில்லை. அது ஒரு நிமிஷத்து ஆறுதல்.

மீன்கார அம்மா மாமியாரிடம் கேட்டாள்: "பொட்டலத்தைப் பிரிக்கும்போது எப்பிடி இருந்துச்சுக்கா? மடவைன்னா நீளமா ரெட்டையா, விரலு விரலா இருக்கும். பேத்தைன்னா உருண்டை."

"எனக்கென்ன தெரியும்? செனைன்னா செனைதான். கழுவி நறுக்கிட்டேன்."

அப்போது கிணற்றுப் பக்கமிருந்து வீட்டுக்காரர் வந்தார். கையில் துண்டு. துண்டுக்குள் ஒரு செத்த காக்கை. வேலி முள்ளுக்குள் கிடந்ததாம். முகம் வெளுத்துப்போய் நின்றார்.

மாமியார் அதை வாங்கி, பிள்ளையின் காலைப் பார்ப்பதுபோல ரெண்டு காலையும் விரலால் தடவிப் பார்த்தார். "இது அவுக இல்ல" என்றார் நிம்மதியாக. "விரலு நல்லா இருக்கு."

"ஒரு காக்கா மட்டுமா திங்கும்? கூப்பிட்டுப் பங்கு வச்சுத்தானே திங்கும்?" என்றார் மாமா.

மாமியாரின் கையில் அந்தக் காக்கையின் தலை தொங்கியது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அவர் தாயைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவரால் முடிவு சொல்ல முடியாது என்று தெரிந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் ஒரு சாவு அவர் வாயால் சொன்னதாகிவிடும்.

மீன்கார அம்மா யாரையும் கேட்காமல் உப்பைக் கரைத்து வைத்திருந்தாள். செம்பு என் பக்கத்தில் இருந்தது. நான்தான் எடுத்தேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூச்சு நிற்கும் என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல்லின் பயம், பிள்ளை போய்விடும் என்ற பயத்தைவிட அந்த நேரத்தில் ஒரு விரல்கடை பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். குடித்தேன். மாமியார் "ஐயோ" என்று காக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அதற்குள் மீன்கார அம்மா என் நெற்றியைப் பிடித்துத் தொண்டைக்குள் விரலை விட்டுவிட்டாள். தின்றது முழுக்க வந்தது. அதற்கு முந்தைய நாள் தின்றதும் வந்தது என்று நினைக்கிறேன். வயிறு முறுக்கி முறுக்கி இழுத்தது. ஒவ்வொரு முறுக்குக்கும் மாமியார் என் அடிவயிற்றில் ரெண்டு கையையும் வைத்து, உள்ளே இருப்பதை விழாமல் பிடிப்பதுபோல அழுத்திக்கொண்டிருந்தார்.

மாமா வண்டி பூட்டினார். ராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வைக்கோல்மேல் என்னைப் படுக்கவைத்தார்கள். மாமியார் தலைமாட்டில். மீன்கார அம்மாவை ஏறச் சொல்லவில்லை. அவளாக வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தாள்.

"தூங்காதே தாயி. நாக்கு ஒழுங்கா இருக்கான்னு பாக்கணும். நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு. சூடை."

"சூடை."

"காரல்."

"காரல்."

"மடவை."

எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. மாமியார் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் மாடே மிரண்டிருக்கும்.

"சரி, மடவை வேண்டாம். நெத்திலி."

"நெத்திலி."

"நெத்திலி சொல்ல வருது. பேத்தை தின்னவ நாக்கு இம்புட்டுத் தெளிவாப் பொரளாது. பொழைச்சுக்குவ மவளே" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாடி பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மூச்சு நன்றாக இருக்கிறது, இந்நேரம் வரை ஒன்றும் ஆகவில்லை என்றால் பயமில்லை என்றார். "வயித்துல இருக்கிறது?" என்று மாமியார் கேட்டார். அதை இப்போது சொல்ல முடியாது, அசையாமல் படுத்திருக்கட்டும், வலி வந்தாலோ உதிரம் பட்டாலோ கொண்டுவாருங்கள் என்றார்.

வராந்தாவில் மாமியார் மீன்கார அம்மாவைப் பிடித்துக்கொண்டார். உள்ளே படுத்திருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "செனை, செனைன்னு கொண்டாந்து குடுத்தியே. ஒன் வாயால மாடுன்னு சொன்னியே. இது மட்டும் நிக்கல, ஒன்னைச் சும்மா விடமாட்டேன்டி. ஒன் நிழலு எங்க தெருவுல விழக் கூடாது."

என் வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து ஆறணாவை எடுத்து அவளிடம் நீட்டினார். "காலையில வாங்குன சூடைக்கு."

"வேண்டாம்யா. இப்ப வாங்குனா என் கை எரியும். பிள்ளை பிறக்கட்டும். அன்னிக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்." போய்விட்டாள். போகுமுன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். "வாரேன் தாயி" என்றாள்.

அன்று இரவே வண்டியில் வீடு திரும்பினோம். மறுநாள் காலை மாமியார் வழக்கம்போலச் சோறு வைத்தார். வெறும் சோறு. நான் கட்டிலில் கிடந்தேன். திடீரென்று முற்றத்தில் ஓவென்று அழுகைச் சத்தம். எனக்கு உயிர் போய் வந்தது. "வந்துட்டாக! அவுக வந்துட்டாக! சாகல!" என்று அழுகிறார். நொண்டிக் காக்கை கூரை ஓரத்தில் தத்தித் தத்திச் சோறு தின்றுகொண்டிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் செத்துப்போன மனுஷர் சாகவில்லை என்று அவர் அழுததை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஏனென்றால் சற்று நேரத்தில் அழுகை நின்றது. அவர் வந்து என் கட்டிலருகே நின்றார். அவர் யோசித்ததைத்தான் நானும் யோசித்தேன். காக்கை உயிரோடு இருக்கிறது. அப்படியானால் சினை நல்ல சினை. மடவையேதான். அப்படியானால் நேற்றுக் கக்கியது வீண்.

அன்று சாயங்காலம் மாமா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "மாப்ளே, நேத்து ஒரு காக்கா எடுத்தாந்தியே. அது... நம்ம களத்துல கேப்பை காயப்போட்டிருக்கேன்ல. காக்கா வராம இருக்க முந்தாநாள் ஒரு செத்த காக்காயைக் கம்புல கட்டித் தொங்கவிட்டேன். இன்னிக்குப் பாத்தா கம்பு மட்டும் நிக்குது. நாய் இழுத்துட்டு வந்து வேலியில போட்டிருக்கும்போல. நானே கட்டுனது, எனக்கே அடையாளம் தெரியல பாரு." வீட்டுக்காரர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு துளி உதிரம் பட்டது. அதை யாரிடமும் சொல்லாமல் ஒரு முழுப் பகல் கிடந்தேன். சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம். பிறகு சொன்னேன். மாமியார் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் ரெண்டு செங்கல் வைத்து உயர்த்தினார். அன்றிலிருந்து நான் எழுந்திருக்கவில்லை. எல்லாம் கட்டிலில்தான். மறுபடி படவில்லை, ஆனால் படுமோ என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். நாள் போகிறதா என்று சுவரில் வெயில் நகர்வதைப் பார்ப்பேன்.

நடுவில் மாடு ஈன்றது. கிடாரிக் கன்று. என் மாமியார் நச்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, வழக்கப்படி ஊர் ஆலமரத்தில் கட்ட வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். பால் உள்ள மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது. திரும்பி வந்து, "நல்ல கெட்டிக் கிளையாப் பாத்துக் கட்டச் சொன்னேன். விழாது" என்றார். மாட்டைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது என் வயிற்றைப் பார்த்தார். வாத்தியார் கிளையைச் சினை என்று சொன்னது அன்றுதான் எனக்கு ஓரளவு சரி என்று பட்டது. ஒன்றிலிருந்து பிரிந்து, விழாமல் நிற்கிறதே, அதற்குத்தான் அந்தப் பெயர் போல. சரியான விளக்கமா என்று தெரியாது. கேட்க வாத்தியாரும் இல்லை.

மாதம் நிறைந்து பெண் பிறந்தது. அழுத சத்தத்தைக் கேட்டு, "இவ மீன்காரி மாதிரி கூவுறா" என்றார் மாமியார். அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை வாசலில் போய் நின்றுகொண்டார். அதற்கு மறுநாளும் நின்றார். முந்தியில் ஆறணாவை முடிந்துவைத்திருந்தார். மாட்டுக்கு வைத்த பெயரை மனுஷிக்கு வைத்தவள் என்று திட்டிய வாயால், "செனை குடுத்த கையி, காசு வாங்காம இருக்கக் கூடாது" என்றார்.

அவள் வரவில்லை. எங்கள் தெருவுக்கு வேறொருத்தி கூடை கொண்டுவந்தாள். அவளிடம் கேட்டோம். அந்த அக்கா தீவுக்குப் போய்விட்டாள், பாம்பன் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறாள் என்றாள். "பிள்ளை பிறந்துருச்சுன்னு சொல்லிவிடு" என்றோம். சொல்வதாகச் சொன்னாள். சொன்னாளோ இல்லையோ.

பிள்ளைக்கு மொட்டை போட ராமேஸ்வரம் போனபோது பாம்பனில் இறங்கினோம். மீன் விற்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொருத்தியின் காதையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லாருக்கும் ரெண்டு தோடு, அல்லது ரெண்டும் இல்லை. என் மாமியார், மொட்டைத் தலையோடு இருந்த பிள்ளையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

இன்றைக்கும் என் பயம் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. அவள் என்ன நினைத்துக்கொண்டு இருந்திருப்பாள்? வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தவள். உதிரம் பட்டது அவள் காதுக்குப் போயிருக்குமா? பிறந்தது போயிருக்குமா? தன் கையால் கொடுத்த சினையால், தன் கையால் கரைத்த உப்புத் தண்ணீரால், அந்தப் பிள்ளை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு, அதனால்தான் வராமல் இருந்துவிட்டாளோ? இதை நினைத்தால் இப்போதும் உதடு மரக்கிறது.

அணா போய் நயா பைசா வந்தபோது, மாமியார் அந்தக் காசை மாற்றக் கொடுக்கவில்லை. அவர் இறந்த பிறகு அது என் பெட்டிக்கு வந்தது. பிள்ளைக்கு மடவைச் சினை என்றால் உயிர். அவள் தின்கிற வரைக்கும் நான் அடுப்படியைவிட்டு வெளியே போய்விடுவேன். சூடை மீனுக்குத் தரவேண்டிய பாக்கி, ஆறணா.